மிச்சம் குப்பை

ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, மேஜைமேல் துண்டை மடித்துப் போட்டு, அதன்மேல் வைத்தாயிற்று. அப்புறமும் பெட்டிக்குள் ஹார்ட் டிஸ்க் ஓடுகிற சத்தம் வந்துகொண்டிருந்தது.

டக். டக்டக். கொஞ்சம் இடைவெளி. மறுபடி டக்.

அவனுக்கு அது உடனே உறைக்கவில்லை. நாளெல்லாம் இந்தச் சத்தத்துக்குள்ளேயே பிழைக்கிறவன். தண்டவாளத்துக்குப் பக்கத்தில் குடியிருப்பவனுக்கு ரயில் கேட்குமா? ஸ்க்ரூக்களை ஒரு மூடியில் போட்டுவிட்டு, டிஸ்க்கைக் கொஞ்சம் தள்ளிவைக்கலாம் என்று தொட்டபோது அது சில்லென்று அசையாமல் கிடந்தது. அப்போதுதான் காது விழித்துக்கொண்டது. மூடி திறந்திருந்த பெட்டிக்குள் எட்டிப் பார்த்தான். பச்சை போர்டு, அதன்மேல் தூசி, டிஸ்க் இருந்த இடத்தில் வெறும் தகரக் கூடு. சத்தம் அந்தக் கூட்டுக்குள் இருந்துதான் வந்தது.

ஃபேனாக இருக்கும் என்று அதன் வயரை உருவினான். ஃபேன் நின்றது. சத்தம் நிற்கவில்லை.

"ஏதோ கம்பிச்சுருள் முனகுது," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அலுத்துப்போனவனுக்கு வாயில் முதலில் வருகிற காரணமே போதும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். காலையிலிருந்து விடாத மழை. ஹாலில் குறுக்கே கட்டிய கொடியில் காயாத துணிகள், அவற்றின் ஈர வாடை, அதோடு அவன் சற்றுமுன் ஈயம் உருக்கிப் பற்றவைத்த புகை. சோஃபாவில் மனைவி தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் நர்ஸ், நைட் டியூட்டி முடித்து வந்து, சீருடையை மாற்றியும் மாற்றாமலும், ஒரு காலில் சாக்ஸோடு அப்படியே விழுந்துவிட்டாள். உள்ளறையில் போய்ப் படு என்றால் கேட்க மாட்டாள். "நீங்க தட்டிக்கிட்டு இருக்கிற சத்தம் கேட்டாத்தான் எனக்குத் தூக்கம் வருது," என்பாள்.

அவனுக்கு வாரநாளெல்லாம் ஓர் ஆபீஸில் நெட்வொர்க் பார்க்கிற வேலை. யாருக்கு நெட் வரவில்லை என்றாலும் அவன் தலைதான் உருளும். ஞாயிற்றுக்கிழமைகளில் தெரிந்தவர்கள் கொண்டுவந்து போடுகிற பழைய ரவுட்டர்கள், டிஸ்க் பெட்டிகள். தயாரித்த கம்பெனி கைகழுவிவிட்ட பெட்டிகள் அவை. கம்பெனி போட்ட சாஃப்ட்வேரை அழித்துவிட்டு, உலகத்தில் யார் யாரோ தூங்காமல் உட்கார்ந்து எழுதி இலவசமாகக் கொடுக்கிற லினக்ஸை அதில் ஏற்றுவான். குப்பைக்குப் போகவேண்டிய பெட்டி இன்னும் ஐந்தாறு வருஷம் ஓடும்.

இந்தப் பெட்டி எலியுடையது.

எலி என்றால் அவளுடைய தம்பி. சின்ன வயசிலிருந்தே ஒல்லி, எப்போதும் எதையாவது கொறித்துக்கொண்டே இருப்பான், ஒன்றும் கிடைக்காவிட்டால் கட்டைவிரல் நகம். வீட்டில் வைத்த பேர் ரேஷன் கார்டில்தான் இருந்தது. எல்லாருக்கும் அவன் எலி. அக்காவை அவன் மட்டும் வாத்து என்று கூப்பிடுவான், அவள் நடக்கிற நடையைப் பார்த்து. கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. கடைசிக் காலத்தில் வேலைக்கும் போகவில்லை, போனையும் எடுக்கவில்லை. உள்ளே தாழ்ப்பாள் போட்ட அறையில், இந்தப் பெட்டிக்கு எதிரே, நாற்காலியில் உட்கார்ந்தபடி போய்ச் சேர்ந்திருந்தான். மாரடைப்பு என்றார்கள். எத்தனையோ பேருடைய கண்களை மூடிவிட்ட கை, தம்பியின் கண்களையும் நடுங்காமல் மூடியது. அப்புறம்தான் அவள் தரையில் உட்கார்ந்து அழுதாள்.

எலிக்கு எதிரே இந்தப் பெட்டி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

அப்பா, அம்மா பேசுகிற வீடியோ, இவர்கள் கல்யாணம், மகள் தவழ்ந்தது என்று குடும்பத்தின் சகலமும் இதில்தான். ஆனால் பூட்டு. சாவி டிஸ்க்கில் இல்லை; போர்டில் சுண்டுவிரல் நகமளவு ஒரு சிப்பில். டிஸ்க்கைத் தனியாக எடுத்து லேப்டாப்பில் போட்டால் வெறும் மண். சிப்பை நகல் எடுக்காமல் அழித்துவிட்டால், அத்தனையும் போனது போனதுதான்.

காலையில் வந்ததும் அவள் பையைக்கூடக் கீழே வைக்காமல் கேட்டாள்.

"இன்னைக்காவது முடிச்சிடுவீங்களா, இல்ல இதுவும் அந்த மிக்ஸி மாதிரிதானா?"

"மிக்ஸி வேற, இது வேற. மிக்ஸிக்கு நான் டாக்டர் இல்ல."

"எலி பேசுறதை ஒரு தடவை கேட்டாப் போதுங்க. ஒரே தடவை." அவள் பெட்டிமேல் கை வைத்தாள். "அழிஞ்சிடாதில்ல?"

"எழுதும்போது கரண்டைப் பிடுங்காம இருந்தா ஒண்ணும் ஆகாது."

"சாமி, நான் அந்தப் பக்கமே வரமாட்டேன்," என்று இரண்டு கையையும் தூக்கிக் காட்டிச் சிரித்தாள். ஒருமுறை அயர்ன் பாக்ஸ் சொருக இடமில்லை என்று, அவன் எழுதிக்கொண்டிருந்த ரவுட்டரின் பிளக்கைப் பிடுங்கிவிட்டாள். பழசு பாதி அழிந்து, புதுசு பாதி ஏறி, அது எதுவாகவும் இல்லாமல் போயிற்று. இந்தத் தொழிலில் அதற்குச் செங்கல் என்று பேர். விளக்கு எரியும், சூடாகும், கூப்பிட்டால் உள்ளே ஆள் இருக்காது. அந்த ரவுட்டரை அவள் குற்ற உணர்ச்சியில் கதவுக்கு முட்டுக் கொடுக்க வைத்துக்கொண்டாள். இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது.

போர்டில் பற்றவைத்திருந்த மூன்று வயர்களையும் லேப்டாப்பில் இணைத்தான். பெட்டியை அணைத்துப் போட்டதும் திரையில் வரிகள் ஓடின. பெட்டி தன் பேரை, தன் வயசைச் சொல்லிக்கொண்டே எழுந்தது. கடைசியில் தேதியும் நேரமும் வந்தது. இன்றைய தேதி. இந்த நிமிஷம்.

அவன் கை கீபோர்டின்மேல் நின்றது.

இந்த மாதிரிப் பெட்டிகளுக்குக் கடிகாரம் கிடையாது. அணைத்துப் போட்டால் ஒவ்வொரு முறையும் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபது, ஜனவரி ஒன்று என்றே விழிக்கும். பாவம், எழுந்ததும் அது செய்கிற முதல் காரியம், நெட்டில் யாரையாவது பிடித்து மணி என்ன என்று கேட்பதுதான். இதற்கு நெட் கொடுக்கவில்லை. போர்டில் பட்டன் பேட்டரி ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று டார்ச் அடித்துத் தேடினான். இல்லை. எலி ஏதாவது கைவேலை பண்ணியிருப்பான் என்று விட்டுவிட்டான். அவன் சாகிறதுக்குக் கொஞ்சநாள் முன்னால் ஆபீஸுக்கு போன் பண்ணிக் கேட்ட கேள்வியும் அப்படித்தான் இருந்தது.

"மாமா, ஒரு பெட்டியில இருக்கிறதை அழிக்காம அதே இடத்துல வேற ஒண்ணை எழுத முடியாதா?"

"எப்படிடா முடியும்? அழிச்சாத்தான் எழுத முடியும்."

"அப்ப யாராவது ஒருத்தர் போயித்தான் ஆகணும், இல்ல?"

மீட்டிங்குக்குக் கூப்பிட்டார்கள். அவன் போனை வைத்துவிட்டான்.

அடுத்தது நகல். அதற்குப் பெட்டியையும் லேப்டாப்பையும் தனிக் கேபிளில் இணைக்க வேண்டும். ஊர் பேர் தெரியாத பெட்டியை வீட்டு லைனில் சேர்க்கவே கூடாது என்று ஆபீஸில் புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் அவனே பாடம் எடுப்பான். ஆனால் கையில் இருந்த கேபிளின் முனை உடைந்திருந்தது. நல்ல கேபிள் காரில், கார் தெருமுனையில், வெளியே மழை, முட்டியில் வலி. பெட்டியை நேரே வீட்டு ரவுட்டரில் சொருகினான். வேலியில் போற ஓணானை எடுத்து வேட்டிக்குள் விடுவது என்பது இதுதான். அப்போது அவனுக்கு அது ஓணானாகத் தெரியவில்லை, மச்சானுடைய பெட்டியாகத்தான் தெரிந்தது.

ரவுட்டரில் பச்சை விளக்கு துடித்தது. சோஃபாவில் அவள் ஒருமுறை ஆழமாக மூச்சு இழுத்துவிட்டுப் புரண்டு படுத்தாள்.

சிப்பின் கொள்ளளவு பதினாறு எம்பி. சீக்கிரம் முடிய வேண்டிய நகல் பதினாறைத் தாண்டியது. நூறைத் தாண்டியது. அவன் டீ போட்டுக்கொண்டு வந்து பார்த்தபோது ஆயிரக்கணக்கில் போய்க்கொண்டிருந்தது. நகமளவு சிப்பிலிருந்து கிணறு இறைக்கிற மாதிரி வந்துகொண்டே இருந்தது. லேப்டாப்பில் இடம் போதவில்லை என்று திரை முனகியதும் நிறுத்தினான். சிப் முடிந்த இடத்தில் மறுபடி முதலிலிருந்து படித்துக்கொண்டே போயிருக்கும். அப்படிச் சில பெட்டிகள் செய்வதுண்டு. சும்மா ஒரு நோட்டம் விட்டான். புள்ளிகளும் கோணல் எழுத்துகளுமாக ஓடிய குப்பைக்கு நடுவில் இரண்டு வார்த்தைகள் படிக்கிற மாதிரி வந்து போயின. பச்சை டம்ளர். எலி எதை எதையோ குறித்து வைத்திருக்கிறான், கிறுக்குப் பயல் என்று நினைத்தான்.

முதல் பதினாறு எம்பியை வெட்டித் தனியாக வைத்தான். சாவி அதில் பத்திரம். மிச்சம் குப்பை. அழித்தான். இடம் அடைக்கிறதே என்று குப்பைத்தொட்டியையும் காலி பண்ணினான். இந்த வேலையைப் பல வருஷமாகச் செய்கிற எவனும் அப்படித்தான் செய்வான்.

மழை வலுத்தது. கரண்ட் போனால் என்ன செய்வது என்று பெட்டி, ரவுட்டர் இரண்டின் பிளக்கையும் யுபிஎஸ்ஸில் மாற்றினான். புது லினக்ஸை அனுப்பி, எழுது என்று ஆணை கொடுத்தான். திரையில் பழசை அழிக்கிற வரிகள் ஒவ்வொன்றாக இறங்கத் தொடங்கின. ஒரு வரி, பெட்டிக்குள் ஒரு டக். இன்னொரு வரி, இன்னொரு டக். அவன் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடினான். ஆபீஸ், மழை, முட்டி, நாளைக்குத் திங்கட்கிழமை. அந்தச் சத்தம் அவனைத் தாலாட்டியது என்றுகூடச் சொல்லலாம். பாதித் தூக்கத்தில்தான் அது அவனுக்குக் கேட்டது. டக்குக்கும் டக்குக்கும் நடுவில் இருந்த இடைவெளியில் அவள் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். டக் விழும்போது மூச்சு நின்றது. இடைவெளியில் வந்தது. டக்டக் என்று இரண்டு விழுந்தால் நெஞ்சு இரண்டு முறை தூக்கிப் போட்டது.

கண்ணைத் திறந்தான். சாயங்கால வெளிச்சம் ஈரத்துணிகளுக்கு நடுவே சாம்பல் நிறத்தில் தேங்கி நின்றது. அவள் எழுந்து உட்கார்ந்திருந்தாள்.

"தூங்கலையா?"

"தாகமா இருக்கு," என்று எழுந்து சமையலறைக்குப் போனாள். நடை சரியாகத்தான் இருந்தது. ஆனால் போனவள் வரவில்லை. அலமாரிக் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்து மூடுகிற சத்தம் மட்டும் கேட்டது. அவன் எட்டிப் பார்த்தான். நடுச் சமையலறையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள், விருந்துக்கு வந்தவள் மாதிரி.

"டம்ளர் எல்லாம் எங்க இருக்கு?"

"என்னடி கேள்வி? இடது பக்கம், மேல் தட்டு. நீ வச்ச இடம்தான். உன் பச்சை டம்ளர்..."

சொல்லும்போதே நாக்கு நின்றது. அவள் டம்ளரை எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்து, தண்ணீர் குடித்தாள்.

"நைட் டியூட்டி மூளையைத் தின்னுடுச்சு," என்றான். சிரிக்கப் பார்த்தான்.

"நைட் டியூட்டி," என்று அவள் திருப்பிச் சொன்னாள். அந்த வார்த்தையை இப்போதுதான் முதல்முறை கேட்கிறவள் சொல்வது போல இருந்தது.

அவன் மேஜைக்கு வந்தான். உட்காரவில்லை. திரையில் அழிக்கிற வரிகள் இன்னும் இறங்கிக்கொண்டிருந்தன. பதினாறு எம்பியை அழிக்க எவ்வளவு நேரம் ஆகும்? வாய் கொப்பளிக்கிற நேரம். இது அந்த அளவை எப்போதோ தாண்டியிருந்தது. அந்தச் சின்ன சிப்பில் இல்லாத இடங்களை எல்லாம் ஒன்றுவிடாமல் துடைத்துக்கொண்டிருந்தது. நிறுத்துகிற பொத்தானை அழுத்தினான். மறுபடி அழுத்தினான். அது காதில் வாங்கவில்லை. டக். டக்.

டீப்பாயில் அவள் போன் அடித்தது. திரையில் மகளின் படம். ஹாஸ்டலில் இருந்து ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தவறாமல் கூப்பிடுவாள். சமையலறையிலிருந்து வந்து சோஃபாவில் உட்கார்ந்த மனைவி போனைக் கையில் எடுத்து, தலையைச் சாய்த்து, அந்த முகத்தைப் பார்த்தாள்.

"அழகா இருக்கா," என்றாள். "யாரு இந்தப் பொண்ணு?"

அவனுக்கு வந்தது பயம், வேறொன்றுமில்லை, சுத்தமான பயம்.

"நம்ம பொண்ணுடி. நம்ம பொண்ணு. விளையாடாத."

"ஓ," என்று மரியாதையாகத் தலையாட்டினாள். அடித்து ஓய்ந்த போனை டீப்பாயில் வைத்தாள்.

அந்த நிமிஷம் பார்த்துக் கரண்ட் போனது. தெரு முழுக்க ஒரே இருட்டு. யுபிஎஸ் கீ... கீ என்று கத்தத் தொடங்கியது. இருட்டுக்குள் மூன்றே வெளிச்சம்: லேப்டாப், ரவுட்டர், அந்தப் பெட்டியின் மஞ்சள் விளக்கு. போயிருக்க வேண்டியது போகவில்லை. எல்லாம் அவன் கையாலேயே பத்திரப்படுத்தி வைத்தது.

அவன் தரையில் மண்டியிட்டு யுபிஎஸ்ஸைத் தேடினான். முட்டி வலித்தது. பட்டன் விரலுக்குக் கிடைத்தது.

"பிடுங்காதீங்க."

திரும்பினான். அவள் சோஃபாவில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். லேப்டாப் வெளிச்சம் ஒரு கன்னத்தில் மட்டும் விழுந்தது.

"பாதியில பிடுங்கினா என்ன ஆகும்னு நீங்கதானே சொன்னீங்க?"

"நான் யாருன்னு தெரியுதா? சொல்லு. நான் யாரு?"

அவள் யோசித்தாள். நிஜமாகவே முயற்சி பண்ணினாள், நெற்றி சுருங்கியது. டக். சுருக்கம் அழிந்தது.

"தெரியலையே," என்றாள். "ஆனா பார்த்தா நல்லவர் மாதிரி இருக்கீங்க." பிறகு, குரல் இன்னும் சின்னதாக: "எனக்குப் பயமா இருக்கு. கையைப் பிடிச்சுக்கறீங்களா?"

அவன் ஒரு கையால் அவள் கையைப் பிடித்தான். இன்னொரு கை பட்டன்மேல். ஐயோ, அழுத்தடா என்றது மனசு. கதவோரம் பார்வை போனது. இருட்டில் தெரியவில்லை, ஆனாலும் அங்கே அது இருக்கிறது, முட்டுக்கொடுத்த ரவுட்டர். விளக்கு எரிந்தது. சூடானது. கூப்பிட்டால் உள்ளே ஆள் இல்லை.

நகல்.

அந்த வார்த்தை எங்கிருந்தோ வந்து உச்சந்தலையில் அடித்தது. நகமளவு சிப்பிலிருந்து வந்துகொண்டே இருந்தது. வற்றாமல். பச்சை டம்ளர். அது எலியின் குறிப்பு இல்லை. பெட்டியின் நகலே இல்லை அது. அவளுடைய நகல். அழிக்கப்போவதை, முறைப்படி, முன்கூட்டியே, பெட்டியே அவன் கையில் எடுத்துக் கொடுத்திருந்தது.

பட்டனை விட்டான். அவள் கையை விடாமல், மற்றக் கையால் லேப்டாப்பைத் தரைக்கு இழுத்தான். குப்பைத்தொட்டியைத் திறந்தான். காலி. அவனே துடைத்த காலி. பதினாறு எம்பி மட்டும் ஒரு மூலையில் பத்திரமாக இருந்தது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். தலையில் அடித்துக்கொண்டான். வாய்விட்டு அழுதான். அவள் அவன் தோளைத் தட்டிக்கொடுத்தாள், யார் என்றே தெரியாத ஒருவனை.

"அழாதீங்க. சரியாயிடும்."

வார்டில் எல்லாரிடமும் சொல்கிற அதே குரல். அதுதான் அவளிடம் மிச்சம் இருந்தது.

டக்.

தட்டிய கை நின்றது.

திரையில் அழிக்கிற வரிகள் முடிந்தன. ஒரு வெற்று வரி. அப்புறம் எழுதுகிற வரி.

எழுதுகிறது.

இப்போது பிடுங்கலாமா? பிடுங்கினால் யார் இருப்பார்? ஒருவரும் இல்லை. வெறும் சூடு. வெறும் விளக்கு. எழுதினால்? யாராவது இருப்பார்கள். கண் திறக்கும். வாய் பேசும். அவன் பட்டனைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். அந்த முகத்தில் ஒன்றுமில்லை. தூக்கம்கூட இல்லை.

அவன் அழுத்தவில்லை.

எழுதுகிறது.

அவள் கால்கள் மெல்ல மேலே வந்தன. முட்டிகளை மார்போடு சேர்த்துக் குந்தினாள். அவள் அப்படி உட்கார்ந்ததே இல்லை.

எழுதுகிறது.

அவளுடைய மற்றக் கை எழும்பியது. கட்டைவிரல் உதட்டுக்குப் போனது. பற்கள் நகத்தைக் கொறித்தன.

வேண்டாம்.

எழுதுகிறது.

வேண்டாம், வேண்டாம் என்று அவன் வாய்க்குள்ளேயே சொன்னான். பட்டனுக்கு மறுபடி கை நீட்டினான். விரல் படவும் மஞ்சள் விளக்கு அணையவும் சரியாக இருந்தது. திரை ஒருமுறை இருண்டது. எழுதி முடித்த பெட்டி அணைந்து எழும்.

அவள் கண்கள் மூடின. அவன் பிடித்திருந்த கை சில்லென்று ஆனது, துண்டின்மேல் கிடந்த டிஸ்க்கைப் போல. மூச்சு இல்லை. மழை. யுபிஎஸ்ஸின் கீ... கீ. அவன் அவள் பேரைச் சொல்லிக் கத்தினான்.

கண்கள் திறந்தன.

"மாமா."

கொஞ்சம் மூக்கால் பேசுகிற, கடைசி எழுத்தை இழுக்கிற குரல். மண்ணுக்குள் போன குரல். அதை ஒரே ஒரு தடவை கேட்டால் போதும் என்று ஆசைப்பட்டவள் மட்டும் அங்கே இல்லை.

"மணி என்ன மாமா?"

டீப்பாயில் போன் மறுபடி ஒளிர்ந்தது. மகளின் முகம். அவன் எட்டுவதற்குள் அந்தக் கை அதை எடுத்துவிட்டது. காதில் வைத்தது. கண்கள் அவனையே பார்த்தன. கட்டைவிரல் நகம் பற்களுக்கிடையில் இருந்தது.

"சொல்லுடி கண்ணு, அம்மாதான்," என்றது. அவளுடைய குரல். அச்சு அசல் அவளுடைய குரல். "அப்பாவா? பக்கத்துலதான் இருக்கார். பெட்டியை நோண்டிக்கிட்டு."

அவன் தன் கையை உருவப் பார்த்தான். பிடி விடவில்லை. மேஜைமேல் பெட்டி அமைதியாகக் கிடந்தது. சத்தம் இப்போது பக்கத்தில் கேட்டது, மிகப் பக்கத்தில், கசங்கிய சீருடைக்குள், விலா எலும்புகளுக்குப் பின்னால் இருந்து.

டக். டக்டக். கொஞ்சம் இடைவெளி. மறுபடி டக்.